மகன் விட்டுப்போன கும்பிடுபூச்சிகள்

"டேய், முட்டை போட்ருச்சுடா!"

கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று அந்த அம்மாள் போட்ட சத்தத்தில், அந்த நீண்ட அறை ஒரு கணம் வாயை மூடிக்கொண்டது. வக்கீலைப் பற்றியும் ஜாமீனைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் ஆளுக்கொரு மூலையில் அலறிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிறைச்சாலையில் பார்வை நாளன்று காதில் விழுகிற சேதிகள் எத்தனையோ. முட்டை போட்ட சேதியை அங்கே யாரும் கேட்டதில்லை.

"கோழியாம்மா?" என்று பக்கத்தில் நின்ற பெரியவர் அக்கறையாக விசாரித்தார்.

"இல்லய்யா. பூச்சி."

அவர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

அந்த அறையில் இரண்டு வலைகள் உண்டு. இந்தப் பக்கம் உறவுகள், அந்தப் பக்கம் கைதிகள், நடுவில் காவலர் நடக்க ஒரு சந்து. இரண்டு வலைகளையும் தாண்டித்தான் பார்வை போக வேண்டும் என்பதால், மகனின் முகத்தை அவள் முழுதாகப் பார்த்து வெகுநாளாகிவிட்டது. சின்னச் சின்னச் சதுரங்களாகத்தான் அவன் தெரிவான். அன்றைக்கு அந்தச் சதுரங்கள் எல்லாம் சேர்ந்து சிரித்தன.

"எங்கம்மா போட்டுச்சு? குச்சியிலயா, மூடியிலயா?"

"குச்சியிலதான்டா. சோப்பு நுரை மாதிரி நுரை நுரையா வந்துச்சு. ஏதோ நோவுன்னு பயந்தே போயிட்டேன். காலையில பார்த்தா கெட்டியா, தவிட்டுக் கலர்ல ஒட்டிட்டு இருக்கு."

"அதான்மா! அதேதான்! அதுக்குள்ளதான் எல்லாம் இருக்கு!"

சந்தில் நடந்துகொண்டிருந்த மீசைக்காரக் காவலர் நின்றார். "தாய்க்கும் பிள்ளைக்கும் சுகந்தானே?" என்றார். அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். வெளியே வந்து, மதில் ஓரமாக யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுது பழக்கம் இல்லாததால் அது நிற்பதற்கு நேரமாயிற்று.

அவளை எல்லோரும் ஆவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு பெரிய சலவைக் கூடத்தில் நீராவி இஸ்திரி எந்திரத்தில் வேலை. ஈரமான படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உருளைக்குள் நேராகக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் சுருக்கம் விழுந்துவிடும். கொஞ்சம் அசந்தாலும் கை போய்விடும். அவளுடைய முன்கைகள் இரண்டிலும் பழைய சூட்டுத் தழும்புகள் கம்பளிப்பூச்சி ஊர்ந்ததுபோல் கிடந்தன. நாளெல்லாம் வெள்ளைப் புகைக்குள் நின்று, திடீர் திடீரென்று அதிலிருந்து வெளிப்படுவதால் அந்தப் பெயர். "பேர் வெச்சது சரிதான். உயிரோட இருக்கறவ மாதிரியா இருக்கேன்?" என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

மகன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பில் இருந்தபோது, சட்டைத் துணி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போன அவன் அப்பன் இன்றுவரை துணி எடுத்துக்கொண்டிருக்கிறான். அன்றிலிருந்து பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டான். "சாப்டியா?" என்றால் தலையாட்டல். "எங்க போற?" என்றால் தோள் குலுக்கல். ஆனால் குளியலறை ஜன்னலில் பிடித்த ஒரு கும்பிடுபூச்சியைக் கண்ணாடி டப்பாவில் போட்டு வைத்த நாள் முதலாக, அவனுக்கு எங்கிருந்தோ பேச்சு வந்துவிட்டது. அம்மாவிடம் அல்ல, டப்பாவிடம். அவள் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள். "என்னடா, இன்னைக்குப் பசியா? இந்தா, கரப்பான் கொண்டாந்திருக்கேன். மொறைக்காதே." பெற்றவளிடம் பேசாத பிள்ளை ஒரு பூச்சியிடம் கொஞ்சுவதைக் கேட்கிற தாய்க்கு எப்படி இருக்கும்? அவளுக்கு அந்தப் பூச்சிகளைக் கண்டாலே ஆகாது.

"கும்பிட்டுக்கிட்டே கழுத்த அறுக்குற ஆளுங்கள நான் வேலை செய்யற இடத்துலயே நிறையப் பார்க்கறேன். வீட்டுலயும் வேணுமா?" என்று சத்தம் போடுவாள். அவன் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவான்.

பிறகு அந்தச் சாயங்காலம் வந்தது. நண்பன் ஒருவனோடு மாடிப்படியில் வாய்ச் சண்டை. இரவல் வாங்கிய தலைக்கவசத்தைக் கீறிவிட்டான் என்பதுதான் விஷயம். ஒரு தள்ளு. நண்பனின் பின்மண்டை படியின் விளிம்பில் பட்டது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி, தெருவெல்லாம் ஓடி, ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் இவன்தான். "நான்தான் தள்ளினேன்" என்று போலீஸிடம் சொன்னதும் இவன்தான். செத்துப்போன பையனின் அம்மா அதே தெருவில், பழக்கடைக்கு எதிர் வீட்டில் இருந்தாள். அன்றிலிருந்து ஆவியக்கா பின் சந்து வழியாகத்தான் வேலைக்குப் போய் வந்தாள்.

வீட்டில் மிஞ்சியவை ஜன்னலோரம் வரிசையாக டப்பாக்கள். உள்ளே விரல்நுனி அளவுப் பூச்சிகள். தூக்கி எறியத்தான் போனாள். மூடியைத் திறந்தபோது ஒன்று தலையை மெல்லத் திருப்பி அவளை நேராகப் பார்த்தது. பூச்சிகள் அப்படிப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியாது. மூடியைத் திரும்பப் போட்டாள்.

சிறையில் முதலில் பார்த்தபோதெல்லாம் அவன் பேசவில்லை. வலைக்குப் பின்னால் தலை குனிந்து நிற்பான். அவளுக்கும் என்ன பேசுவதென்று தெரியாது. சுற்றிலும் மற்றவர்கள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு, தாயும் மகனும் பஸ்ஸுக்கு நிற்பவர்களைப்போல் நின்றுவிட்டுப் பிரிவார்கள். ஒருநாள், வேறு எதுவும் வாயில் வராமல், "உன் பூச்சி ஒண்ணு சட்டை உரிச்சுதுடா" என்றாள்.

தலை நிமிர்ந்தது.

"எது? பச்சையா, பழுப்பா?"

"பச்சை."

"தலைகீழாத் தொங்கிச்சா? முழுசா உரிச்சுதா? கால் எல்லாம் வந்துச்சா?"

இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் சேர்ந்தாற்போல் கேட்ட கேள்விகள் அவைதான். அன்று வீட்டுக்குப் போனதும் ஆவியக்கா டப்பாக்களின் முன்னால் உட்கார்ந்து, "நல்லாயிருங்க கண்ணுங்களா" என்றாள்.

அதன்பின் அவளுக்குக் கரப்பான் பிடிக்கக் கூச்சமில்லை. விட்டில் பிடிக்க ஒரு பழைய மெத்தை உறை. தண்ணீர் தெளிக்க, சலவைக் கூடத்தில் கறை எடுக்க வைத்திருக்கும் தெளிப்பான் ஒன்று. சில பூச்சிகள் செத்தன. ஒரு பெண்ணும் ஒரு ஆணும் வளர்ந்து இறக்கை கட்டின. அந்தச் சமயத்தில்தான் தீர்ப்பு வந்தது. அவன் வெளியே வரும்போது அவளுக்குத் தலை முழுக்க நரைத்திருக்கும். அவ்வளவு நீளம்.

தீர்ப்புக்குப் பிறகு வந்த பார்வை நாளில் அவன் சொன்னான். "இனிமே வராதேம்மா."

"ஏன்டா?"

"எதுக்கு? எதுக்கும்மா வர்றே? எனக்கு ஒண்ணும் இல்ல. போயிடு."

கைதி வர மறுத்துவிட்டால் யாரும் கூட்டி வர மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். எதைப் பிடித்துக்கொள்வது? கையில் இருந்த ஒரே கயிற்றைப் பிடித்தாள்.

"அப்போ பூச்சிங்கள என்னடா பண்றது?"

திரும்பப் போனவன் நின்றான். "அதுங்களுக்கு ஒரு வருஷம்கூட ஆயுசு இல்லம்மா. நான் வர்றப்ப இருக்காது."

"ஒண்ணும் பண்ண முடியாதா?"

மறுபடி வலையருகே வந்தான். "ஜோடி சேர்த்து, முட்டை போட வச்சு, குஞ்சு பொரிச்சு, அதுங்க பெருசாகி மறுபடி முட்டை போட்டு... விடாம கொண்டுபோனா, நான் வர்றப்ப இதோட பேரனுக்குப் பேரன் இருக்கும். உன்னால முடியாதும்மா."

"முடியாதுன்னு விட்டுட்டுப் போக நான் என்ன உங்கப்பனா?"

சதுரங்களுக்குள் அவன் உதடு லேசாக நெளிந்தது. "சரி. அது இருக்கற வரைக்கும் நான் வந்து நிக்கறேன்" என்றான்.

அவள் அதை அப்படியே மடித்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டாள். பூச்சி இருக்கிறவரை பிள்ளை வருவான். பூச்சி இல்லையென்றால் பிள்ளை இல்லை.

ஜோடி சேர்க்கும் விதத்தை மகன் தாய்க்கு வலை வழியாகக் கத்திக் கற்றுக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சங்கடத்தை என்னவென்று சொல்வது! "மொதல்ல பொண்ணுக்கு வயிறு நிறையத் தீனி போடும்மா! ஆண பின்னாலேர்ந்து விடணும்! நீ நடுவுல பூந்து பிரிச்சுடாதே!" அவள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, "சரிடா, சரிடா, மெதுவா சொல்லு" என்பாள். மெதுவாகச் சொன்னால் கேட்காது. மீசைக்காரர் மட்டும் விலகிப் போகாமல் அங்கேயே நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

ஜோடி சேர்ந்தது. ஆனால் காரியம் முடிந்ததும் பெண்பூச்சி ஆணைத் தலையிலிருந்து தின்ன ஆரம்பித்துவிட்டது. மறுநாள் சலவைக் கூடத்தில் விரிப்புகளை மடிக்கிறவளிடம் ஆவியக்கா அதைச் சொல்லிக் கண் கலங்கினாள். மடிப்புக்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"அழாதேக்கா. உன் வீட்டுல ஒருத்தன் தப்பிச்சு ஓடினான். இவனுக்கு ஓடத் தெரியல. அவ்வளவுதான்."

ஆவியக்கா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

இப்படித்தான் முட்டைக்கூடு வந்தது. ஒரே ஒரு கூடு. அதைப் போட்ட பெண்பூச்சி கொஞ்ச நாளிலேயே சோர்ந்து, மூலையில் ஒடுங்கிச் செத்துப்போயிற்று. இனி அந்த வம்சம் என்பது குச்சியில் ஒட்டிய, கட்டைவிரல் அளவுள்ள அந்தத் தவிட்டு நிறக் கட்டி மட்டுந்தான்.

அவன் எல்லாம் சொல்லிக் கொடுத்தான். தலைகீழாகவே தொங்கவிட வேண்டும். தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். பொரிந்தால் எறும்புபோல் பொலபொலவென்று ஒரே மூச்சில் வெளியே வரும். வந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும். பழத்தில் மொய்க்கும் குட்டி ஈதான் அப்போது தீனி. ஆகவே ஆவியக்கா பழக்கடைக்குப் போனாள். எதிர் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனாள்.

"அழுகின வாழைப்பழம் இருந்தா குடுங்கண்ணே."

"நல்ல பழம் இருக்கே, தங்கச்சி."

"எனக்கு ஈ வேணும்ணே."

பழக்கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை வருஷமா ஈய விரட்டிக் கை வலிக்குது. வேணும்னு கேட்ட ஒரே ஆளு நீதான். எடுத்துட்டுப் போ, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ."

பழத்தை ஒரு பாட்டிலில் போட்டு வாய்க்குத் துணி கட்டி வைத்தாள். ஆனால் அந்தச் சமயம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை, எலும்பைத் தொடும் குளிர். வீட்டுச் சுவரில் ஈரம் ஏறியது. முட்டைக்கூடு அசையவில்லை. பொரிந்திருக்க வேண்டிய காலம் வந்துவிட்டதாக அவன் கணக்குப் போட்டிருந்தான்.

"குளிர்ல விறைச்சுடுமோம்மா? பூசணம் பிடிச்சிருக்கா பாரு. வெதுவெதுன்னு ஒரு இடத்துல வையேன்."

வெதுவெதுப்பு! அதற்கா அவளுக்குப் பஞ்சம்? வாழ்நாள் முழுக்கச் சூட்டில் வெந்தவளிடமா சூடு கேட்கிறான்? மறுநாளே முட்டைக்கூட்டைக் குச்சியோடு ஒரு ஜாம் பாட்டிலில் தொங்கவிட்டு, வலைத்துணி கட்டி, மதியச் சாப்பாட்டுப் பையில் வைத்துச் சலவைக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். துணி உலர்த்தும் எந்திரங்களுக்குப் பின்னால், சூடான காற்றுக் குழாய் போகிற இடத்தில், சோப்பு டின்களுக்கு நடுவே ஒரு அலமாரித் தட்டு. அங்கே வைத்தாள். அங்கே கையை வைத்தால் அடைகாக்கும் கோழியின் வயிற்றடியில் வைத்ததுபோல் இருந்தது. வேலைக்கு நடுவே போய்ப் போய்த் தண்ணீர் தெளித்தாள். தனக்குத் தெரிந்த ஒரே தொழிலால் மகனுக்கு ஒரு நல்லது செய்கிறோம் என்று பூரித்துப் போனாள். சூடு முட்டையைக் காப்பாற்றும் என்பது வரை அவளுக்குத் தெரிந்திருந்தது. சூடு அவசரப்படுத்தும் என்பது தெரியவில்லை.

வார விடுமுறை வந்தது. சலவைக் கூடத்தைப் பூட்டினார்கள். பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று நினைத்தாள். வெளியே மழை கொட்டியது. குளிரில் கொண்டுபோய் மறுபடி கொண்டுவருவதைவிட இங்கேயே இருக்கட்டும், ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டாள். அந்த ஒரு நாள்!

விடுமுறை முடிந்த காலையில் எந்திரத்தைத் தட்டுவதற்கு முன்னால் அலமாரிக்கு ஓடினாள். முட்டைக்கூட்டின் அடியில் நூல் நூலாக ஏதோ தொங்கியது. பாட்டிலின் அடியில் மிளகுத்தூள் சிந்தியதுபோல் கறுப்பாகக் கிடந்தது. உற்றுப் பார்த்தாள். அது தூள் இல்லை. கால்கள், தலைகள், காய்ந்து சுருண்ட உடம்புகள். கண்ணாடிச் சுவரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில குட்டிகள் மட்டும் உயிரோடு ஒட்டியிருந்தன. கண்ணும் காலுமாக, அவ்வளவு அழகாக. ஒவ்வொன்றின் கையிலும் கூடப் பிறந்தது ஒன்று இருந்தது.

பின்னால் எட்டிப் பார்த்த மடிப்புக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ, அக்கா... ஒண்ண ஒண்ணு தின்னுதுக்கா."

ஆவியக்கா பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மேற்பார்வையாளரிடம் ஓடினாள். "சார், வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன் சார். தீனி அங்கதான் இருக்கு."

"எதுக்கு?"

பாட்டிலைக் காட்டினாள்.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "பிள்ளைக்குக் காய்ச்சல்னு லீவு கேப்பாங்க. மாமனார் செத்துட்டார்னு ஒரே மாமனார மூணு தடவை சாகடிச்சவங்ககூட இருக்காங்க. பூச்சிக்கு லீவு கேக்கற மொத ஆள் நீதான். ரெண்டு ஹோட்டல் துணி குவிஞ்சு கெடக்கு. போம்மா, போய் நில்லு."

நின்றாள். உருளைக்குள் வெள்ளை விரிப்புகளைக் கொடுத்துக்கொண்டே, பக்கத்து மேசையில் இருந்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடிப்புக்காரி தன் சாப்பாட்டில் இருந்த அவித்த முட்டையைக் கிள்ளி உள்ளே போட்டாள். அவை தொடவில்லை. டீக் கப்புகளில் பிரித்து விடலாம் என்று ஆவியக்கா வலைத்துணியை அவிழ்த்தபோது, சூடு பட்டுத் தடித்த அவளுடைய விரல்களுக்கு அந்தப் பொடிசுகள் அகப்படவில்லை. இரண்டு நசுங்கின. சாயங்காலம் வீடு போய்ச் சேர்ந்தபோது மிஞ்சியது ஒன்று.

அந்த ஒன்றை அவள் வளர்த்தாள். கடைக்குட்டி என்று கூப்பிட்டாள். பழப் பாட்டிலிலிருந்து ஈக்களை ஒவ்வொன்றாக விட்டாள். அது வேட்டையாடியது, சட்டை உரித்தது, ஒரு அரிசி அளவிலிருந்து ஒரு நெல் அளவானது. கடைசியில் ஒருநாள், இரட்டை வேலை பார்த்துவிட்டு வந்து, தண்ணீர் தெளிக்க மறந்து படுத்துவிட்டாள். காலையில் கடைக்குட்டி பாதிச் சட்டையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஈரமில்லாமல் தோல் காலைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. முன்கைகள் மட்டும் வெளியே வந்து, வழக்கம்போல் கூப்பியபடி இருந்தன. ஆவியக்கா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வேலைக்கு நேரமாகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த பார்வை நாளில் அவள் போகாமல் இருந்திருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வலைக்குப் பின்னால் அவன் ஓடி வந்தான். நடந்து வரவில்லை, ஓடி வந்தான்.

"பொரிச்சுதாம்மா?"

அந்த முகத்தைப் பார்த்து எந்தத் தாய் இல்லையென்று சொல்வாள்?

"பொரிச்சுதுடா! பொலபொலன்னு! எண்ண முடியல!"

அவன் இரண்டு கைகளாலும் வலையைப் பற்றிக்கொண்டு உலுக்கினான். மீசைக்காரர், "டேய், கைய எடு" என்று அதட்டிவிட்டு, அவளைப் பார்த்து, "எங்களுக்கு இனிப்பு எங்கம்மா?" என்றார்.

அதிலிருந்து வீட்டில் ஒரு பூச்சியும் இல்லாமல், வலைக்கு முன்னால் பூச்சிகள் வளர்ந்தன. முதல் தடவை வளர்த்தபோது பார்த்ததையெல்லாம் ஞாபகத்திலிருந்து எடுத்து, கொஞ்சம் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு அவன் முன்னால் விரித்தாள். ஒன்று முழுச் சோம்பேறி. ஒன்று கண்ணாடியில் தன்னையே பார்த்துக் கைநீட்டிச் சண்டைக்குப் போகிறது. அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். அவன் கன்னத்தில் சதை வைத்தது. பக்கத்துக் கைதிகளிடமும் சொல்லியிருப்பான்போல, அந்தப் பக்கத்திலிருந்து முகம் தெரியாத யாரோ, "ஆவியம்மா, சோம்பேறி எப்படி இருக்கான்?" என்று குரல் கொடுப்பான். ஒருநாள் மகன், "வெளிய வந்தப்புறம்" என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தான். அதை முடிக்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டு சொற்களுக்காக அவள் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருந்தாள்.

மடிப்புக்காரி எச்சரித்தாள். "எத்தனை நாளைக்குக்கா? ஒருநாள் மாட்டிக்குவே."

"நான் மாட்ட மாட்டேன்டி. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

உண்மைதான். பூச்சியைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அன்று அவன் கேட்டது பூச்சியைப் பற்றி அல்ல.

அன்று அவன் முகம் சரியில்லை. செத்துப்போன நண்பனின் பிறந்தநாள் அது என்று பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. வழக்கமான கேள்விகள் எதுவும் இல்லை. சத்தமில்லாமல் கேட்டான். அவன் உதட்டைப் பார்த்துத்தான் அவள் புரிந்துகொண்டாள்.

"அம்மா, அதுங்க ஒண்ண ஒண்ணு அடிச்சுக்குதா?"

அவன் கண்கள் டப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த மாடிப்படியைப் பற்றிக் கேட்டன. கூட இருந்தவனைக் கொன்றவன் என்ற ஒரே எண்ணத்தோடு தினமும் தூங்கி எழுகிற தன் பிள்ளையை அவள் பார்த்தாள். ஜாம் பாட்டில் கண்முன் வந்து நின்றது. கூடப் பிறந்ததைக் கையில் பிடித்திருந்த அந்தக் குட்டிகள். அதை இந்தப் பிள்ளையிடமா சொல்வது? அறிந்ததெல்லாம் அவளை விட்டு ஓடிப்போயிற்று. பெற்ற வயிறு மட்டுமே பேசியது.

"இல்லடா கண்ணு! ஒண்ணும் யாரையும் தொடல! உன் பூச்சிங்க யாரையும் எதுவும் பண்ணாதுடா. எல்லாம் ஒண்ணா, அண்ணன் தம்பி மாதிரி இருக்குதுங்க!"

"ஒண்ணாவா?"

"ஒண்ணாத்தான்டா!"

"எல்லாம் ஒரே டப்பாவுலயா?"

"ஒரே டப்பாவுலதான்! அப்பப்பா, என்ன ஒத்துமை தெரியுமா!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. சதுரங்களுக்குள் இருந்த முகத்திலிருந்து வெளிச்சம் மெல்ல வடிந்தது. கும்பிடுபூச்சிகளை ஒரே டப்பாவில் போட்டால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலையே!

"எப்போம்மா செத்துச்சு?" என்றான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி. வீட்டுக்குப் போம்மா. மழை வருது."

அவ்வளவுதான். திரும்பிப் போனான். போகும்போது கைகளைக் கட்டிக்கொண்டு போனான், குளிருகிறவனைப்போல.

அடுத்த பார்வை நாளில் பெயர் கூப்பிட்டார்கள், அவன் வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. மீசைக்காரர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வர மாட்டேங்கறான்மா. நாங்க இழுத்துட்டு வர முடியாது" என்றார். இப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை.

ஆவியக்கா மதிலோரப் புதர்களில் தேடினாள். கண் வலிக்கத் தேடி, ஒரு பச்சைக் கும்பிடுபூச்சியைப் பிடித்து டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "சார், ஒண்ணு கெடச்சிருக்குன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லுங்க சார். பச்சை. நல்லாப் பெருசு. இதுலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கலாம்னு சொல்லுங்க."

அவர் உள்ளே போய்விட்டு வந்தார். டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

"அது அந்த வம்சம் இல்லையாம். அத இருந்த இடத்துலயே விட்டுடச் சொன்னான்."

விட்டுவிட்டாள். அது புதருக்குள் போனதை நின்று பார்த்தாள்.

அடுத்த பார்வை நாளன்றும் வரிசையில் நின்றாள். மீசைக்காரர் அவளைக் கண்டதும் பெருமூச்சு விட்டார். "அவன் வர மாட்டான்மா. தெரியுமில்ல?"

"தெரியும் சார். பேரக் கூப்பிடுங்க. நான் வந்தேன்னு அவன் காதுல விழணும்."

கூப்பிட்டார்கள். அவள் வலைக்கு முன்னால் அவளுடைய வழக்கமான இடத்தில் போய் நின்றாள். எதிரே அந்த இடம் காலி. இரண்டு பக்கமும் வக்கீல், ஜாமீன், மாமியார். அந்தப் பக்கத்திலிருந்து பழைய குரல் ஒன்று கேட்டது. "ஆவியம்மா! சோம்பேறி எப்படி இருக்கான்?"

அவள் வலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"செத்துட்டான்யா," என்றாள். பிறகு அந்தக் காலி இடத்தைப் பார்த்து, அதற்கும் பின்னால் இருந்த கதவைப் பார்த்து, கதவுக்கும் பின்னால் எங்கோ இருந்தவனுக்காக, தொண்டை கிழியக் கத்தினாள். "எல்லாம் செத்துப்போச்சுடா! நான்தான் சூட்டுல வச்சுக் கெடுத்துட்டேன்! ஒண்ணுகூட இல்லடா! நான் மட்டுந்தான் இருக்கேன்! பூச்சி இல்லன்னாலும் வந்து நில்லுடா!"

அறை மறுபடியும் வாயை மூடிக்கொண்டது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அந்தக் கதவையே பார்த்தார்கள்.

கதவு திறக்கவில்லை. நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். ஆவியக்கா வலையிலிருந்து விரல்களைப் பிரித்து எடுத்தாள். மறுநாள் விரிப்புகளை உருளைக்குள் கொடுக்கும்போது, உள்ளங்கையில் பதிந்த சதுரங்கள் இன்னும் மறையாமல் இருந்ததை மடிப்புக்காரி பார்த்தாள்.